யார் கைவழி போய்ச் சேர்வது? தன்பாலீர்ப்பு வணிக அடையாளங்களின் மறுவடிவமைப்பு

1978 ஜூன் 25 அன்று சான்பிரான்சிஸ்கோவில் முதன்முறையாக ஏற்றப்பட்ட வானவில் கொடியில் எட்டுப் பட்டைகள் இருந்தன. வடிவமைத்தவர் கில்பர்ட் பேக்கர். தன்னார்வலர்கள் துணியைக் கையால் சாயமேற்றித் தைத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் பேக்கர் ஒரு பொருள் வைத்திருந்தார்: சிவப்பு வாழ்வு, பச்சை இயற்கை என்று அது போகும். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது அடர் இளஞ்சிவப்பு. அதன் பொருள் பாலுறவு.

அந்த ஆண்டு நவம்பரில் நகரசபை உறுப்பினர் ஹார்வி மில்க் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு கொடிக்குத் தேவை கூடியது. கையால் சாயமேற்றிக் கட்டுப்படியாகாது, ஆலையில் தயாரிக்கவேண்டும். ஆனால் அந்த அடர் இளஞ்சிவப்பில் துணி சந்தையில் எளிதாகக் கிடைக்கவில்லை. பட்டை கழிந்தது. அடுத்த ஆண்டு தெருவிளக்குக் கம்பங்களில் கொடியை இரு பாதியாகப் பிரித்துத் தொங்கவிட இரட்டைப்படை எண்ணிக்கை தேவைப்பட்டபோது நீலப்பச்சையும் போயிற்று. உலகம் இன்று அறியும் ஆறு பட்டைக் கொடி இப்படி உருவானதுதான்.

பாலுறவைக் குறித்த நிறம் முதலில் கழன்றது என்பதில் பலர் ஓர் உருவகத்தைக் காண்கிறார்கள். கூச்சம், சமரசம், சந்தைக்குப் பணிதல் என்றெல்லாம் அதற்கு விளக்கமும் தருகிறார்கள். ஆவணப்படி நடந்தது ஒரு கொள்முதல் சிக்கல். யாரும் கூடிப் பேசி அந்த நிறத்தை விலக்கவில்லை. இக்கட்டுரை அந்த இடைவெளியிலிருந்துதான் புறப்படுகிறது.

1. கேள்வி

வயதுவந்தோருக்கானது, தன்பாலீர்ப்பாளருக்கானது என்ற இரண்டு தன்மைகளோடும் பிறக்கும் வணிக அடையாளங்கள் உண்டு. உடற்கட்டு இதழ்கள், பாலின்பப் பொருட்கடைகள், துணை தேடும் கைபேசிச் செயலிகள் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஏறத்தாழ எல்லாமே ஒரு கட்டத்தில் தங்கள் தோற்றத்தை மாற்றிக்கொண்டிருக்கின்றன. இலச்சினை மாறும், தாள் மாறும், பெயரே கூட மாறும். பெரும்பாலும் இந்த மாற்றத்தில் உடலும் காமமும் முன்பக்கத்திலிருந்து நகர்ந்து வேறெங்கோ போய்விடுகின்றன. இதைத் தீர்மானிப்பது யார்? வடிவமைப்பாளரின் ரசனையா, இயக்கத்தின் அரசியலா, வாங்குபவரின் விருப்பமா?

இந்த மூன்றையும்விட வலிமையான நான்காவது தரப்பு ஒன்று இருக்கிறது என்பதே இங்கே முன்வைக்கப்படும் வாதம். பொருளை வாங்குபவரிடம் கொண்டுசேர்க்கும் இடைவழியைக் கையில் வைத்திருப்பவரே அந்தத் தரப்பு. ஒரு காலத்தில் அது அஞ்சல்துறை, பிறகு விளம்பரதாரர், இன்று ஆப்பிள், கூகுள் ஆகியவற்றின் செயலிக் கடைகள். சான்றுகள் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. பின்லாந்து, நெதர்லாந்து, சீனா ஆகியவற்றிலிருந்து சில.

2. ஏற்கெனவே உள்ள பார்வைகள்

ஆய்வுலகில் இந்தப் பொருளைப் பற்றிக் குறைந்தது மூன்று நிலைப்பாடுகள் இருக்கின்றன. அலெக்சாண்ட்ரா சேசின் 2000-ல் வெளியிட்ட நூல் சந்தையை ஐயத்தோடு பார்த்தது. தன்பாலீர்ப்பாளர் நுகர்வோராக அங்கீகரிக்கப்படுவது அரசியல் விடுதலைக்கு ஈடாகாது, பல வேளைகளில் அதற்கு எதிராகவே போகும் என்பது அவர் வாதம். 2004-ல் வந்த கேத்தரின் செண்டரின் ஆய்வு விளம்பரத் தொழிலில் இருந்தவர்களையே பேட்டி கண்டு எழுதப்பட்டது. 'தன்பாலீர்ப்புச் சந்தை' என்ற ஒன்று தானாக இருந்ததில்லை, அதைத் தொழில்முறையாளர்கள் கட்டியெழுப்பினார்கள். அதற்கு மதிப்பான தோற்றம் தருவதற்காகப் பாலுறவை ஓரத்துக்குத் தள்ளினார்கள் என்று செண்டர் காட்டினார். மூன்றாவது, வரலாற்றாசிரியர் டேவிட் ஜான்சன் 2019-ல் எழுதிய நூல். அது வாதத்தை நேர் எதிராகத் திருப்பியது. 1950களின் உடற்கட்டு இதழ்களை நடத்திய சிறுவணிகர்கள்தாம் தன்பாலீர்ப்பு ஆண்களை நாடு முழுவதும் ஒருவரோடு ஒருவர் இணைத்தார்கள், தணிக்கையை நீதிமன்றத்தில் எதிர்த்தார்கள். ஆகவே அங்கே வணிகமே இயக்கத்துக்கு வழிவிட்டது என்கிறார் அவர்.

மூவருமே வலுவானவர்கள். ஆனால் மூவரிடமும் வடிவமைப்பு என்பது பின்புலச் சான்றாகவே வருகிறது. பக்கம் எப்படி அமைந்தது, படம் எங்கே வெட்டப்பட்டது, எந்தத் தாள், எந்த உறை என்று கேட்டால் படம் சற்று மாறித் தெரிகிறது.

3. அஞ்சல் அதிகாரியின் கண்

1873-ஆம் ஆண்டின் காம்ஸ்டாக் சட்டம் ஆபாசமான எதையும் அமெரிக்க அஞ்சலில் அனுப்புவதைக் குற்றமாக்கியது. ஒரு நூற்றாண்டுக்கு மேலான வடிவமைப்பு வரலாற்றில் இந்த ஒரு சட்டத்தின் கை இருக்கிறது.

பாப் மைசர் 1945-ல் லாஸ் ஏஞ்சலிஸில் 'அத்லெடிக் மாடல் கில்டு' என்ற ஒளிப்பட நிறுவனத்தைத் தொடங்கினார். 1951-ல் அதிலிருந்து 'ஃபிசிக் பிக்டோரியல்' என்ற சிற்றளவு இதழ் வந்தது. படங்களில் இளைஞர்கள் கிரேக்கத் தூண்களுக்கு அருகில் நின்றார்கள், குதிரைக்காரர்களாகவும் மாலுமிகளாகவும் வேடமிட்டார்கள். இடுப்பில் நம்மூர்க் கோவணத்தை ஒத்த ஒரு சிறு துணி. அவற்றை மைசரின் தாய் டெலியா தைத்துக் கொடுத்தார் என்பது இதழின் வரலாற்றில் அடிக்கடி வரும் செய்தி. படங்களுக்குக் கீழே பொடி எழுத்தில் தணிக்கையைச் சாடும் தலையங்கங்களை மைசர் நெருக்கி அச்சிட்டார். உடற்பயிற்சி, செவ்வியல் கலை, ஓவியர்களுக்கான மாதிரிகள் என்ற மூன்று போர்வைகளும் ஒரே பக்கத்தில் இருந்தன. இதழின் முழு அழகியலும் ஓர் அதிகாரியிடம் சொல்லவேண்டிய பதிலை முன்கூட்டியே படமாக எழுதிவைத்தது போல் அமைந்தது.

அந்த அச்சம் வீணானதல்ல. லாஸ் ஏஞ்சலிஸில் 1953-ல் தொடங்கிய 'ஒன்' இதழ் படங்களை நம்பிய இதழே அல்ல. கட்டுரையும் கதையும் கவிதையும் கொண்டது. அதன் 1954 அக்டோபர் இதழை அந்நகர அஞ்சலகத் தலைவர் ஓட்டோ ஓலெசன் நிறுத்திவைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1958 ஜனவரியில் இதழுக்குச் சாதகமாக முடிந்தது. வாஷிங்டன் பகுதியில் லின் வோமக் வெளியிட்ட மூன்று உடற்கட்டு இதழ்களின் 405 படிகளை 1960-ல் அஞ்சல்துறை பிடித்தது. 1962 ஜூன் 25 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அந்த இதழ்கள் ரசனைக் குறைவானவை என்று முகம் சுளித்துக்கொண்டே, அவை வெளிப்படையான ஆபாசம் ஆகா என்றது. சமூகம் சகித்துக்கொள்ளும் பெண்ணுடல் படங்களைவிட இவை மோசமானவை அல்ல என்பது நீதிபதி ஹார்லன் எழுதிய கருத்தின் சாரம். 1967-ல் மினியாபொலிஸ் நகரின் ஒரு வெளியீட்டு நிறுவனமும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வென்றது.

அதற்குப் பின் நடந்தது வடிவமைப்பு ஆய்வாளருக்கு முக்கியம். சில ஆண்டுகளுக்குள் இடைத்துணி மறைந்தது. தூண்களும் போர்வாட்களும் அதனுடனேயே போயின. செவ்வியல் கலை மீதான பற்று உண்மையானதாக இருந்திருந்தால் அது சட்டம் தளர்ந்த கணத்திலேயே ஏன் தேய்ந்தது? ஜார்ஜ் குவெயிண்டன்ஸ் போன்ற ஓவியர்களிடம் அந்தப் பற்று மெய்யாகவே இருந்தது என்பதை மறுக்கமுடியாது. ஆனால் ஒரு துறை முழுவதும் ஒரே பாணியைப் பிடித்துக்கொண்டதற்கு அஞ்சல் முத்திரையே காரணம்.

4. வோட்காவும் தனிப்பக்கங்களும்

'தி அட்வகேட்' 1967-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு போராட்டக் குழுவின் செய்திமடலாகப் பிறந்தது. முதல் இதழ்கள் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் அச்சு அறையில் நிர்வாகத்துக்குத் தெரியாமல் அடிக்கப்பட்டன. கறுப்பு மையில் அடித்த, பளபளப்பு இல்லாத அந்தத் தாளில் காவல்துறைச் சோதனைகள் பற்றிய செய்தியும், மதுக்கூட விளம்பரமும், துணை தேடும் வரி விளம்பரங்களும் கலந்தே கிடந்தன. அன்றைய வாசகரின் வாழ்விலும் இவை பிரிந்திருக்கவில்லை.

1974-ல் முதலீட்டுத் துறையிலிருந்து வந்த டேவிட் குட்ஸ்டீன் இதழை வாங்கினார். அவருடைய நோக்கம் வெளிப்படையானது: வசதி படைத்த, படித்த வாசகரைக் காட்டித் தேசிய அளவிலான விளம்பரதாரரைக் கவர்வது. அதற்கு இதழின் தோற்றம் தடையாக இருந்தது. தீர்வு தொகுப்புக் கட்டமைப்பிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. பாலுறவு சார்ந்த விளம்பரங்களும் வரி விளம்பரங்களும் நடுவில் பிரித்தெடுக்கக்கூடிய தனிப்பக்கங்களாக மாற்றப்பட்டன. மேசைமேல் வைக்கும் இதழ் ஒன்று. அதற்குள்ளிருந்து உருவி எடுத்துப் படிப்பது மற்றொன்று. 1990களின் தொடக்கத்தில் அவை தனி வெளியீடாகவே பிரிந்தன. 1992-ல் வந்த 'அவுட்' இதழ் இந்தச் சிக்கலே இல்லாமல், தொடக்கத்திலேயே பளபளப்பான தாளில், அத்தகைய விளம்பரங்கள் இன்றிப் பிறந்தது.

எந்த விளம்பரதாரர் வந்தார்? ஸ்வீடனின் அப்சல்யூட் வோட்கா. அமெரிக்காவில் 1979-ல் விற்பனைக்கு வந்த அது, 1981 முதல் 'அட்வகேட்'டில் தொடர்ந்து விளம்பரம் செய்தது. பழைய மருந்துக்குப்பி ஒன்றின் வடிவைத் தழுவிய அந்தப் பாட்டில்தான் விளம்பரத்தின் மையம். பொது இதழ்களில் வந்த விளம்பரத்துக்கும் இதற்கும் பாட்டில் ஒன்றே. தன்பாலீர்ப்பு வாசகரை நோக்கித் தனிச் சின்னமோ குறிப்போ தேவைப்படவில்லை. அந்தப் பக்கத்தில் வந்து நின்றதே செய்தியாக இருந்தது. வானவில் நிறங்களை அந்த நிறுவனம் தன் பாட்டில்மேல் பூசியது 2008-ல்தான். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து.

மது நிறுவனம் முதலில் வந்ததில் வியப்பில்லை. அன்று தன்பாலீர்ப்பாளர் பொதுவெளியில் கூடிய இடங்களில் முதன்மையானது மதுக்கூடம். அந்த வலையமைப்பின் வலிமையைத் தொழிலாளர் சங்கங்களோடு கைகோத்து 1970களில் நடந்த கூர்ஸ் பீர் புறக்கணிப்பு ஏற்கெனவே காட்டியிருந்தது. ஹார்வி மில்க் அதில் முன்னின்றவர்களில் ஒருவர். பிற நிறுவனங்கள் தயங்கிய இடத்தில், சந்தை எங்கே இருக்கிறது என்பது மது விற்பவருக்குக் கணக்கோடு தெரியும்.

செண்டர் சொல்லும் ஓரந்தள்ளல் இங்கே துல்லியமாகப் பொருந்துகிறது. ஒரு திருத்தம் மட்டும். பாலுறவு இதழிலிருந்து நீக்கப்படவில்லை. அது ஈட்டிய வருவாயை இழக்க யாரும் தயாராக இல்லை. அதற்கு ஒரு தனித் தாள், தனி மடிப்பு கொடுக்கப்பட்டது, அவ்வளவே. விளம்பரதாரரின் பிரதிநிதி இதழைப் புரட்டும் வரிசையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட பக்க அமைப்பு அது.

5. கைபேசியில் ஒரு முகமூடி

ஆப்பிளின் செயலிக் கடை 2008 ஜூலையில் திறந்தது. எட்டே மாதத்தில், 2009 மார்ச்சில், ஜோயல் சிம்காய் 'கிரைண்டர்' செயலியை வெளியிட்டார். அருகில் இருக்கும் ஆண்களைத் தொலைவு வாரியாகக் கட்டங்களில் காட்டும் அந்த அமைப்பு எளிமையானது. மாற்றங்களோடு இன்றும் அதே அடிப்படைதான். அதன் இலச்சினை ஒரு முகமூடி.

செயலிக் கடையின் விதிகள் அப்பட்டமான பாலுறவுப் பொருளைத் தடைசெய்கின்றன. கைபேசியில் ஆபாசம் வராமல் காப்பது தன் நிறுவனத்தின் தார்மீகப் பொறுப்பு என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-ல் ஒரு மின்னஞ்சலில் எழுதினார். அதிகாரி மாறினார், உறையைப் பிரித்துப் பார்க்கும் வேலை மாறவில்லை. இந்த அதிகாரத்தின் கனம் 2018-ல் தெளிவாயிற்று. அந்த நவம்பரில் 'டம்ப்ளர்' தளத்தின் செயலி ஆப்பிள் கடையிலிருந்து நீக்கப்பட்டது. டிசம்பர் 17 முதல் அத்தளம் வயதுவந்தோருக்கான உள்ளடக்கம் முழுவதையும் தடைசெய்தது. பால்புதுமையர் பலர் அங்கே சேர்த்துவைத்திருந்த படத் தொகுப்புகள் அதோடு காணாமற்போயின.

கிரைண்டரின் பொதுப்பக்கப் படங்களில் தலை வெட்டப்பட்ட மார்புகள் ஏன் அவ்வளவு மிகுந்தன என்பதற்கு இரண்டு விதிகள் சேர்ந்து விடை தருகின்றன. இடுப்புக்குக் கீழே காட்டக் கடை விடாது. கழுத்துக்கு மேலே காட்ட வீடும் அலுவலகமும் விடா. மிஞ்சியது நடுப்பகுதி. மைசரின் கோவணம் படத்துக்குள் செய்ததை இங்கே படத்தின் ஓரம் செய்கிறது. இந்தப் பொருத்தத்தை மிகைப்படுத்தக்கூடாதுதான். மைசரின் இளைஞர்கள் முகம் காட்டினார்கள்.

மறுவடிவமைப்பின் உச்சம் என்று சொல்லத்தக்க ஒன்றையும் கிரைண்டர் செய்திருக்கிறது. பயன்படுத்துபவர் தன் கைபேசித் திரையில் அதன் சின்னத்தை மாற்றி, கணிப்பான், குறிப்பேடு போன்ற ஒன்றாகத் தோன்றச் செய்துகொள்ளலாம். எகிப்து, லெபனான், ஈரான் ஆகிய நாடுகளில் இத்தகைய செயலிகளைக் கொண்டு காவல்துறை மக்களைப் பிடிப்பதை 'ஆர்ட்டிக்கிள் 19' அமைப்பு 2018-ல் ஓர் ஆய்வில் விவரித்தது. அத்தகைய சூழலில் கைபேசியைப் பிடுங்கிப் பார்ப்பவரின் கண்ணுக்கு அந்தச் சின்னம் படாமல் இருப்பது உயிர்ப் பிரச்சினை. தன் முகத்தையே மறைத்துக்கொள்ள வழிசெய்யும் வணிக அடையாளம் வேறு எந்தத் தொழிலிலும் அரிது. அஞ்சலில் இதழ்களை மறைத்து அனுப்பிய பழுப்பு உறையின் நேரடி வாரிசு இது. ஒரு வேறுபாடு: முன்பு உறையைத் தேர்ந்தவர் விற்பவர், இங்கே தேர்வு வாங்குபவரிடம் இருக்கிறது.

முகமூடிக்குப் பின்னால் நடந்தது வேறு கதை. சரியான ஒப்புதல் இன்றிப் பயனர் தரவுகளை விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்ததற்காக நார்வேயின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் கிரைண்டருக்கு 6.5 கோடி குரோனர் அபராதம் விதித்தது. திரையில் தெரிவதை மட்டும் வடிவமைப்பு என்று எடுத்துக்கொண்டால் இந்தச் செய்தி இக்கட்டுரைக்கு வெளியே போய்விடும். அப்படி எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒப்புதல் கேட்கும் பெட்டியின் சொற்களும் பொத்தான்களும் இலச்சினையைவிடப் பெரிய வடிவமைப்பு முடிவுகள்.

நிறுவனத்தின் உரிமை 2016-லிருந்து படிப்படியாகச் சீனாவின் குன்லுன் நிறுவனத்திடம் போனது. தேசப் பாதுகாப்பு என்ற காரணத்தால் அமெரிக்க அரசு நெருக்க, 2020-ல் ஏறத்தாழ 60 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. 2022 நவம்பரில் நியூயார்க் பங்குச்சந்தைக்கு வந்தது. முதலீட்டாளரிடம் பேசத் தொடங்கியதும் அடையாளமும் மாறலாயிற்று. சட்டைப்பையில் அடங்கும் உலகளாவிய தன்பாலீர்ப்புக் குடியிருப்பு என்ற பொருள்படும் முழக்கம் வந்தது. உடனடிச் சந்திப்புக்கான கருவி என்று எல்லோரும் அறிந்த ஒன்று, பயணம், உடல்நலம், நட்பு எல்லாம் கிடைக்கும் அக்கம்பக்கமாகத் தன்னை வரைந்துகாட்டியது. குட்ஸ்டீன் அரை நூற்றாண்டுக்கு முன்பு செய்த அதே நகர்வு.

6. சீனத்திலிருந்து ஒரு சோதனை

மதிப்பான தோற்றம் இடைவழியைக் காப்பாற்றுமா? இதற்குக் கிடைக்கும் மிகத் தெளிவான சோதனை, தன்பாலீர்ப்பு ஆண்களுக்கான சீனச் செயலி 'புளூட்'. முன்னாள் காவலரான மா பாவ்லி தொடங்கிய அந்த நிறுவனம் எச்.ஐ.வி. தடுப்பு, பரிசோதனை, மருத்துவ ஆலோசனை ஆகியவற்றை முன்னிறுத்தித் தன்னைப் பொதுச் சுகாதார நிறுவனமாகவே காட்டிக்கொண்டது. பெயரிலும் நிறத்திலும் அமைதியான நீலம். 2020 ஜூலையில் அதன் தாய் நிறுவனம் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் விலகியது. 2025 நவம்பரில் சீன அதிகாரிகளின் உத்தரவுப்படி ஆப்பிள் தன் சீனக் கடையிலிருந்து புளூடை நீக்கியது.

தோற்றத்தில் இதைவிட அடக்கமாக ஓர் அடையாளம் இருக்கமுடியாது. இடைவழியின் சொந்தக்காரர் கேட்பதையெல்லாம் வடிவமைப்பு கொடுத்துவிட்டாலும் கதவு திறந்தே இருக்கும் என்ற உறுதி கிடைப்பதில்லை. மறுவடிவமைப்பு வேலைக்கு வரும் ஆலோசகர்கள் வாடிக்கையாளரிடம் அதிகம் பேசாத செய்தி இது.

7. பெண்கள் நடத்தியவை

இதுவரை சொன்னவை எல்லாம் ஆண்களுக்கானவை. 'பாலுறவு ஓரந்தள்ளப்பட்டது' என்ற புலம்பலில் ஆணுடலே பொது அளவுகோலாக இருந்துவிடுகிறது என்ற விமர்சனம் நியாயமானது. பெண்கள் நடத்திய அடையாளங்கள் வேறு திசையில் போயின.

சான்பிரான்சிஸ்கோவில் 1984-ல் தொடங்கிய 'ஆன் அவர் பேக்ஸ்' பெண்கள் பெண்களுக்காகவே நடத்திய பாலின்ப இதழ். அதன் எதிரி அஞ்சல்துறையைவிட, பாலுறவுப் படங்களை எதிர்த்த பெண்ணியர்களின் ஒரு பிரிவே. பெயரே 1970 முதல் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிய ஏட்டின் பெயரைக் கிண்டல் செய்தது. கடைகளில், சியாட்டிலில் கிளேர் கவானாவும் ரேச்சல் வென்னிங்கும் 1993-ல் திறந்த 'டாய்ஸ் இன் பேப்லேண்ட்' குறிப்பிடத்தக்கது. கண்ணாடியை மறைத்த இருட்டுக் கடை என்ற வழக்கத்துக்கு மாறாக, வெளிச்சமான, பேசிக் கேட்டு வாங்கும் கடை. அதற்கு முன்னோடி சான்பிரான்சிஸ்கோவில் 1977-ல் ஜோனி பிளாங்க் தொடங்கிய 'குட் வைப்ரேஷன்ஸ்'. சியாட்டில் கடை பின்பு 'பேப்லேண்ட்' என்று பெயரைச் சுருக்கிக்கொண்டது. 2017-ல் குட் வைப்ரேஷன்ஸ் நிறுவனமே அதை வாங்கியது. பொம்மைகளைக் குறித்த சொல் பெயரிலிருந்து உதிர்ந்தது என்றாலும் அலமாரியில் எதுவும் உதிரவில்லை. இந்தக் கடைகளில் வடிவமைப்பு என்பது பெரும்பகுதி விளக்கொளியும், விற்பனையாளர் பேசும் மொழியும்தான். சொந்தக் கடை என்பதால் இடைவழியும் அவர்கள் கையிலேயே இருந்தது. அடக்கம் தேவைப்படாததன் காரணம் அதுவே.

செயலிகளில், லண்டனில் ராபின் எக்ஸ்டன் தொடங்கிய 'டாட்ச்' 2015-ல் 'ஹெர்' என்று பெயர் மாறியது. துணை தேடுவதோடு செய்தியும் நிகழ்ச்சிகளும் சேர்த்து, சமூகமாகக் கூடும் இடமாகத் தன்னை அமைத்துக்கொண்டது. இதைவிடக் கூர்மையான வடிவமைப்புப் பரிசோதனை கெல் ராகோவ்ஸ்கி 2019-ல் வெளியிட்ட 'லெக்ஸ்'. அதன் தொடக்க வடிவில் படமே இல்லை. 'ஆன் அவர் பேக்ஸ்' இதழின் பழைய வரி விளம்பரங்களைப் பார்த்து எழுந்த யோசனை அது: நாலைந்து வரியில் ஆசையை எழுது, முகமும் உடலும் வேண்டாம். படத் தணிக்கைக்கு அங்கே பிடிமானம் குறைவு. 'அட்வகேட்' தன் மரியாதைக்காகப் பிரித்து ஒதுக்கிய அதே வரி விளம்பரம் இங்கே ஒரு முழு அடையாளமாகத் திரும்பி வந்தது.

8. வாதத்துக்கு எதிரான சான்றுகள்

இடைவழியே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் 'பட்' இதழை விளக்கமுடியாது. 2001-ல் ஆம்ஸ்டர்டாமில் யோப் வான் பென்னகோமும் கெர்ட் யோங்கர்சும் தொடங்கிய அந்தச் சிற்றிதழ் இளஞ்சிவப்புத் தாளில் வந்தது. அலங்காரம் இல்லாத நிர்வாணம், நீண்ட அரட்டைப் பேட்டி, மெருகேற்றாத படங்கள். பளபளப்பு இதழ்கள் விட்டுவிட்ட உடலை அது மலிவுத் தாளில் திரும்பக் கொண்டுவந்தது. விளம்பரதாரர் ஓடவில்லை, ஆடை நிறுவனங்கள் தேடிவந்தன. 2011-ல் அச்சு நின்றது. 2022-ல் இத்தாலிய ஆடம்பர நிறுவனமான பொட்டேகா வெனட்டாவின் ஆதரவோடு மீண்டும் வந்தபோதும் தாளின் நிறம் மாறவில்லை.

அப்படியானால் வாதம் உடைகிறதா? ஓரளவு. வடிவமைப்பாளரின் ரசனை ஓர் அடையாளத்தைத் தூக்கி நிறுத்தமுடியும் என்பதற்கு 'பட்' சான்று. ஆனால் அது குறைந்த படிகளில், கலைநூல் கடைகள் வழியாகப் போன இதழ். பெரிய வழிக்கு அது வந்ததே இல்லை. சிறிதாக இருக்கச் சம்மதிப்பவருக்கு வழி தானே கிடைத்துவிடுகிறது என்று வேண்டுமானால் வாதத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

'டாம் ஆஃப் ஃபின்லாந்து' இதற்கு நேர்மாறான உதாரணம். அந்தப் புனைபெயரில் வரைந்த டௌகோ லாக்சோனன் ஹெல்சின்கியில் ஒரு பன்னாட்டு விளம்பர நிறுவனத்தில் கலை இயக்குநர். பகலில் விளம்பரம், இரவில் தோலாடை அணிந்த மிகைத்தசை ஆண்களின் பென்சில் சித்திரம். 1957-ல் மைசரின் இதழ் அவர் சித்திரத்தை அட்டையில் போட்டது. அந்தப் பெயரும் அப்போது வந்ததுதான். பின்லாந்தில் தன்பாலுறவு 1971 வரை குற்றம். லாக்சோனன் 1991-ல் இறந்தார். 2014 செப்டம்பரில் அந்நாட்டு அஞ்சல் நிறுவனம் டிமோ பெர்ரி வடிவமைத்த அஞ்சல்தலைத் தொகுப்பாக அவருடைய சித்திரங்களை வெளியிட்டது. 170-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து முன்பதிவு வந்தது. 1820-ல் தொடங்கிய ஃபின்லேசன் துணி நிறுவனம் அதே சித்திரங்களை மெத்தை விரிப்பில் அச்சடித்து விற்றது. சித்திரத்தின் ஒரு கோடும் மாறவில்லை, கொண்டுசெல்பவர் மாறினார். ஆனால் எந்தச் சித்திரம் என்ற தேர்வு நடந்தது. லாக்சோனனின் பணியில் பெரும்பகுதி இன்றும் எந்த அஞ்சல்தலையிலும் ஒட்டத் தகாது.

பொதுச்சந்தை நிறுவனங்களின் வானவில்லை இதோடு குழப்பக்கூடாது. 2023 ஏப்ரலில் திருநங்கையான டிலன் மல்வேனியோடு சேர்ந்து ஒரு சிறு விளம்பரம் செய்ததற்கு எதிர்ப்பு வந்ததும் பட் லைட் பீர் நிறுவனம் பின்வாங்கியது. அவ்வாண்டே அமெரிக்காவில் முதலிடத்தை மொடேலோவிடம் இழந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் டார்கெட் கடைகள் தங்கள் வானவில் பொருட்கள் சிலவற்றை அகற்றின. அவர்களுக்கு வானவில் என்பது ஒட்டி எடுக்கும் மேலுறை. அடையாளமே அதுவாக இருக்கும் நிறுவனத்துக்கு அப்படிக் கழற்றிவைக்க எதுவும் இல்லை.

9. சான்றுகளின் நிலை

இவ்வளவையும் இன்று பேசமுடிவதற்குக் காரணம் தாள். 'ஒன்' இதழும் பழைய 'அட்வகேட்' படிகளும் லாஸ் ஏஞ்சலிஸில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் 'ஒன்' ஆவணக்காப்பகத்தில் கிடைக்கின்றன. சிகாகோவில் 1991-ல் தொடங்கிய தோலாடைப் பண்பாட்டு ஆவணக்காப்பகமும் அருங்காட்சியகமும் மதுக்கூடச் சுவரொட்டிகளையும் பொத்தான்களையும்கூடச் சேர்த்துவைத்திருக்கிறது. தனிப்பக்கத்தை உருவி எறிந்த வாசகர்கள் நூறு பேர் என்றால், எறியாமல் பெட்டியில் வைத்த சிலரால்தான் அந்தப் பக்கம் எப்படி மடிக்கப்பட்டிருந்தது என்பது தெரிகிறது.

செயலிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒவ்வொரு புதுப்பிப்பும் பழைய திரையை அழித்துவிட்டு வருகிறது. 2020 ஜூன்வரை கிரைண்டரில் இனவாரியாக ஆட்களை வடிகட்டும் வசதி இருந்தது. எதிர்ப்புக்குப் பின் நிறுவனம் அதை நீக்க முடிவுசெய்தது. அந்த வசதியின் பட்டியல் எந்தச் சொற்களை எந்த வரிசையில் காட்டியது என்பது ஆய்வுக்கு முதல்தரச் சான்று. அதை இன்று கைபேசியில் திறந்து பார்க்க முடியாது. இந்த நிறுவனங்கள் தங்கள் பழைய பதிப்புகளையும், கைவிட்ட இலச்சினைகளையும், கடைகள் திருப்பியனுப்பிய வடிவங்களையும் ஏதாவது ஒரு பொது ஆவணக்காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனத்துக்கு அது பெரிய செலவு அல்ல. அதுவரை, பழைய கைபேசிகளை விற்கவோ வீசவோ போகும் வாசகர்கள் அந்தத் திரைகளைப் படமெடுத்து, அதில் தெரியும் பிறருடைய முகங்களையும் பெயர்களையும் மறைத்துவிட்டுச் சேமித்து வைப்பது நல்லது.